இடப்பக்கம் குத்திய ஊசி

உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். வாங்கியிருக்கலாம். அன்று புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் பேசிய அந்த ஒரு போனை நினைத்தால், இன்றைக்கும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. துப்பறியும் தொழிலில் என் முதலாளி. ஐம்பது வயது, முழங்கால் வலி, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை இமைக்காத கண்கள். என்னை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

நாங்கள் அப்போது அருங்காட்சியகத்தின் பூச்சி அறையில் இருந்தோம். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க இழுப்பறை, இழுப்பறை முழுக்கச் செத்த பூச்சி. அந்துருண்டை வாடை மூக்கைத் துளைத்தது. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்த ஒரு மனிதர்தான் அந்த அறைக்குப் பொறுப்பாளர். லீவில் போயிருந்தவர் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவருக்காக ஒரு வாரம் காத்திருந்தோம்.

"நெத்தியில இருக்கு சார்" என்றேன்.

"ஓ" என்று இறக்கிப் போட்டுக்கொண்டார். "வண்டு வாத்தியார் பெட்டிங்கதானே? இதோ, அடுக்கிவெச்சிருக்கேன். மாசம் ஒண்ணு, டான்னு தபால்ல வந்துடும்."

"அவர் காணாமப் போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா?" என்று அக்கா கேட்டாள்.

"அவர் பொண்ணு வந்து சொன்னப்பதாங்க தெரியும். பெட்டி பாட்டுக்கு வந்துட்டிருந்துச்சு, நானும் அடுக்கிட்டிருந்தேன். இந்த வண்டைப் பார்க்க யாரு வரப்போறா?"

அந்தப் பொண்ணுதான் எங்களிடம் வழக்கைக் கொண்டுவந்தவள். பல் டாக்டர். அவளுடைய அப்பாதான் வண்டு வாத்தியார், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் வீட்டைவிட்டுப் போனவர் போனவர்தான். போலீஸ் தேடியது, பத்திரிகையில் படம் வந்தது, ஒரு துப்பும் கிடைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் அப்பாவின் புத்தகங்களைக் கொடுக்க மகள் இங்கே வந்தபோதுதான் பொறுப்பாளர் இந்தப் பெட்டிகளைக் காட்டினார். ஒவ்வொரு வண்டுக்கும் கீழே ஒரு சீட்டு. சீட்டில் அப்பாவின் கையெழுத்து. தேதிகளோ அவர் காணாமல் போன பிறகு வந்தவை. தபால் முத்திரை இதே ஊர்.

"அப்பா உயிரோட இருக்கார் மேடம்" என்றாள் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து. "என் க்ளினிக் திறப்பு விழா ஒரு புதன்கிழமை வந்துச்சு. அவர் வரல. புதன்னா வண்டு பொறுக்கப் போயிடுவார். அன்னைக்கு ராத்திரி போன்ல 'எனக்கு அப்பாவே இல்லேன்னு நினைச்சுக்கறேன்'னு சொன்னேன். அதுக்கப்புறம் நாலு மாசம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. அப்புறம் அவரைக் காணோம். என் மேல இருந்த கோபத்துலதான் போனாரா, எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும். அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. ஆசை காட்டி மோசம் பண்ணின மாதிரி ஆயிடும்."

அழாமல் சொன்னாள். எனக்குத்தான் கைக்குட்டை தேவைப்பட்டது.

பொறுப்பாளர் ஒரு பெட்டியைத் திறந்தார். கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு வண்டுகள், வரிசையாக, முதுகில் ஊசியோடு.

"இது தரைவண்டு. பறக்காது. முதுகு ஓடு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், உள்ளே இறக்கையே கிடையாது. நீரேற்று நிலையத்துக்குப் பின்னாடி ஒரு சரிவு இருக்கே, அதை விட்டா வேற எங்கேயும் கிடைச்சதில்ல. இதைப் பத்தி இதுவரைக்கும் எழுதினது மொத்தம் ஒன்றரைப் பக்கம். அதுல அரைப் பக்கம் படம்."

"மீதி ஒரு பக்கம்?"

"வேற வண்டைப் பத்தி."

ஆளைப் பார்த்தால் அம்மாஞ்சி, வாயைத் திறந்தால் எனக்குப் போட்டி. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"வாத்தியார் என்ன பண்ணினார்னா, சரிவுல இருபது பிளாஸ்டிக் கோப்பையைத் தரை மட்டத்துக்குப் புதைச்சார். ராத்திரி ஓடற வண்டு அதுல விழும். ஒவ்வொரு புதனும் போய் எடுப்பார். நூத்திநாலு வாரம், ஒரு வாரம் விடாம. விட்டா முன்னாடி பண்ணினது மொத்தமும் வீண். நாப்பத்திநாலாவது வாரம் முடிஞ்சப்பதான் அவர் காணாமப் போனாராம். ஆனா பாருங்க, கடைசியா வந்த பெட்டியில நூறாவது வாரம் வரைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் நாலு புதன்." விரல் விட்டு எண்ணினார். "அட, இன்னைக்குத்தாங்க நூத்திநாலு."

என் மூளையில் பல்பு எரிந்தது. இன்றைக்குக் கடைசி வாரம். அந்தச் சரிவில் இன்றைக்கு அவர் இருந்தாக வேண்டும். பாவம் அந்தப் பெண், பதினாலு மாதம் காத்திருந்துவிட்டாள், இன்னும் ஒரு நிமிஷம்கூட ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அக்கா பெட்டிமேல் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தாள். நான் மெல்ல வராந்தாவுக்கு நழுவிப் போனைப் போட்டேன்.

இரண்டே வாக்கியம். அப்பா இன்றைக்கு எங்கே இருப்பார், எப்படிப் போவது. மறுமுனையில் எதுவோ கீழே விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. அப்புறம் லைன் கட்டாகிவிட்டது.

பெரிய சாதனை செய்தவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

"ரேடியோ, இந்தச் சீட்டைப் படி" என்றாள் அக்கா.

"எண்பத்தொன்பதாவது வாரம். கோப்பை ஏழு. ஜூன் முப்பத்தொண்ணு."

"திரும்பப் படி."

படித்தேன். நடுவில் நாக்கு நின்றது. "ஜூனுக்கு ஏதுக்கா முப்பத்தொண்ணு?"

"அதான். ஒரு நாளை வாழ்ந்து முடிச்சவன் அந்தத் தேதியைத் தப்பா எழுதலாம். இல்லாத தேதியை எழுத மாட்டான். முன்கூட்டியே உக்காந்து ஏழு ஏழா கூட்டிக்கிட்டே போறவன்தான் எழுதுவான். இந்தச் சீட்டெல்லாம் வண்டு விழறதுக்கு முன்னாடியே எழுதினது."

கையிலிருந்த போனைப் பைக்குள் திணித்தேன். "வாத்தியாரே எழுதிவெச்சிருந்து, வாத்தியாரே வண்டையும் பிடிச்சிருக்கலாமே."

"பார்க்கலாம். சார், வண்டுக்கு ஊசியை எங்கே குத்தணும்னு ஏதாவது விதி இருக்கா?"

"வலது முதுகு ஓட்டுலதான் மேடம். உலகம் முழுக்க அப்படித்தான். முதல் நாள் வகுப்புலயே அதைத்தான் சொல்லிக்கொடுப்பாங்க. வாத்தியார் தூக்கத்துலகூட மாத்திக் குத்த மாட்டார்."

"நாப்பத்திநாலாவது வாரம் வரைக்கும் எல்லாம் வலது. நாப்பத்தஞ்சுலேர்ந்து எல்லாம் இடது."

பொறுப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "ஐயையோ" என்றார் சன்னமாக. பதினாலு மாதமாக ஒரு வண்டையும் அவர் உற்றுப் பார்க்கவே இல்லை என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்தது.

"இடது கைக்காரன் எவனோ பண்ணியிருக்கான்" என்றேன். இன்னும் எனக்கு வாய் ஓயவில்லை.

"விதி வண்டோட வலதுக்குத்தானே, மனுஷன் கைக்கு இல்லையே. எந்தக் கைக்காரனா இருந்தாலும் படிச்சவன் வலதுலதான் குத்துவான். இது படிச்ச கை இல்ல. ஆனா ஊசி பழகின கை. ஒரு வண்டுகூட விரிசல் விடல பார். எதிர்ல உக்காரு."

உட்கார்ந்தேன். ஒரு அழிப்பானை மேஜையில் வைத்து அதன் வலப்பக்கம் ஊசி குத்தினாள். என்னிடமும் ஓர் அழிப்பான் கொடுத்தாள். "நான் பண்ணினதைப் பார்த்தே இல்ல? அப்படியே பண்ணு."

எதிரில் இருந்த எனக்கு அவள் ஊசி எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கம் குத்தினேன். பிறகு பார்த்தேன். இடது.

"யாரும் சொல்லித்தராம, எதிர்ல உக்காந்து வருஷக்கணக்கா வேடிக்கை பார்த்தே கத்துக்கிட்ட ஆள்" என்றாள் அக்கா. "போன வாரம் பெட்டியைப் பத்தி மூச்சு விடாம வாத்தியார் வீட்டுக்குப் போனோமே. கூடத்துல ஒரே மேஜை, ஒரே விளக்கு. ஒரு பக்கம் அவரோட பூச்சி சாமான். மறு பக்கம் என்ன இருந்துச்சு?"

தையல் டப்பா. கொக்கி வைக்காத ரவிக்கைகள். ஊசி குத்தி வைக்கும் சின்னத் தலையணை. அந்த அம்மா தைத்துக்கொண்டே எங்களோடு பேசினார்கள்.

"அக்கா" என்றேன். "நான் ஒரு போன் பண்ணிட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு அந்த முழங்காலோடு படியிறங்கி ஓடினாள். திட்டியிருந்தால் தேவலை.

காரை நான் ஓட்ட, அக்கா போனைப் போட்டபடியே இருந்தாள். எடுக்கவில்லை. க்ளினிக்குக்குப் போட்டாள். வரவேற்பறைப் பெண் எடுத்தாள்.

"டாக்டர் போனைக்கூட எடுக்காம ஓடிட்டாங்க மேடம். உள்ளே ஒருத்தர் வாய்ல பஞ்சோட உக்காந்திருக்கார். அவரை என்ன பண்றது?"

வேறு நாளாயிருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

"அந்தம்மா ஏன்க்கா இப்படிப் பண்ணணும்? பொண்ணை ஏமாத்தவா?"

"பொண்ணு அந்தப் பெட்டியைப் பார்ப்பான்னே அவங்களுக்குத் தெரியாது. சரி, நாப்பதாவது வாரத்துப் பெட்டியைப் பார்த்தியா? அவர் காணாமப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி அனுப்பினது. ஒரே வண்டுக்கு அடியில ஒரே சீட்டு மூணு தடவை எழுதிக் குத்தியிருக்கு."

"பார்த்தேன். வாத்தியாருக்கு அந்த வாரம் ரொம்பப் பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்."

"ஒரு தடவை எழுதினது ஞாபகம் இல்லாமத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கார். வாழ்நாள் பூரா ஒரு தேதி பிசகாத மனுஷன் ஜூனுக்கு முப்பத்தொண்ணு போடறார். ஞாபகம் போயிட்டிருந்திருக்கு, ரேடியோ. அது அவருக்கே தெரிஞ்சிருக்கு. எழுதத் தெரியற வரைக்கும் எழுதி வெச்சுடலாம்னு மொத்தத்தையும் எழுதியிருக்கார். உயிரோட இருக்கார்னு அந்தப் பொண்ணு நம்பறதே இந்தச் சீட்டை வெச்சுத்தான். அந்தச் சீட்டு சொல்றது வேற."

சிவப்பு விளக்கை மதிக்காமல் ஓட்டினேன். எப்படியாவது முந்திவிட வேண்டும், சரிவில் ஏறுவதற்கு முன்னால் அவளைப் பிடித்துவிட வேண்டும் என்று இல்லாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

முந்த முடியவில்லை. நீரேற்று நிலையத்துச் சுவரோரம் அவளுடைய கார் கதவு திறந்தபடியே நின்றது.

சரிவு முழுக்கக் கல்லும் காய்ந்த புல்லும். பாதி உயரத்தில் அகன்ற தொப்பியும் பெரிய காக்கிக் கோட்டும் போட்ட ஓர் உருவம் எங்களுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, கோப்பைக்கு மேலே மழை விழாமல் மூடிவைத்திருந்த ஓட்டுச் சில்லைத் தூக்கிக்கொண்டிருந்தது. கீழிருந்து வெள்ளைக் கோட்டோடு மகள் ஏறிக்கொண்டிருந்தாள். செருப்பு ஒன்று கழன்று உருண்டு வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"டாக்டர், நில்லுங்க" என்று கத்தினேன். காதில் விழவில்லை.

"அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே போய் அந்த முதுகைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "அப்பா, நான் சொன்னதெல்லாம் தப்புப்பா."

தொப்பி விழுந்தது. நரைத்த கொண்டை.

அந்த அம்மா திரும்பினார்கள். பெற்ற தாயின் முகத்தைப் பார்த்து ஒரு மகள் அவ்வளவு ஏமாந்துபோனதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதைத் தாயும் பார்த்துவிட்டதுதான் இன்னும் கொடுமை. அந்த இடத்திலேயே நான் மண்ணுக்குள் போயிருந்தால் நன்றாயிருக்கும்.

"நீ எப்படி பாப்பா இங்கே?" என்று அம்மா கேட்டார்கள்.

"அப்பா எங்கே?"

"அப்பாவா?"

"சீட்டெல்லாம் அப்பா எழுத்தும்மா. நான் பார்த்தேன். அப்பா எங்கே?"

அம்மாவுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. கையிலிருந்த கோப்பையைச் சாயாமல் கீழே வைத்தார்கள். பக்கத்தில் ஒரு தகர டப்பா திறந்திருந்தது. உள்ளே சில சீட்டுகள்தான் மிச்சம்.

"அது முன்னாடியே எழுதிவெச்சது, பாப்பா. மூணு நாள் சாப்பாடுகூடச் சரியாச் சாப்பிடாம உக்காந்து எழுதினார். அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோயிட்டிருந்துச்சு. டாக்டரைப் பார்த்தோம். இது கூடிக்கிட்டேதான் போகும்னுட்டார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கிட்டார்."

அதற்குள் அக்காவும் ஏறி வந்துவிட்டாள். "தப்பு எங்களோடது, டாக்டர்" என்றாள். என்னுடையது என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"அப்போ இத்தனை மாசமா நீயா வந்தே?" என்று மகள் கேட்டாள்.

"ஒரு வாரம் விட்டா மொத்தமும் போச்சுன்னு சொல்லுவார். திரும்பி வந்து 'ஏன் விட்டே'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? எனக்கு வேற என்ன தெரியும். அவர் செய்யறதைப் பார்த்திருக்கேன், அதையே செஞ்சேன். ஜூன்ல ஒரு தேதியைத் தப்பா எழுதியிருந்தார். தெரிஞ்சுது. திருத்த மனசு வரல. எப்படியோ வாராவாரம் ஒரு வேலை இருந்துச்சு. இன்னையோட சீட்டு முடியுது. அடுத்த புதன் நான் எதுக்கு எந்திரிக்கணும்னு தெரியல."

காற்றுகூட அடிக்கவில்லை. கீழே நீரேற்று நிலையத்து மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்." மகள் தாயின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். "என் மேல கோபமாவா போனார்?"

"கடைக்குப் போறேன்னுட்டுப் போனார். போலீஸ்லயும் அதைத்தானே சொன்னேன்."

மகள் தாயின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கண் கோப்பைக்கும் டப்பாவுக்குமாக அலைந்தது.

"நான் சொன்ன சொல்லு தாங்காமத்தான் போயிட்டார்னு தினம் தினம் செத்துட்டிருக்கேன். ஆமான்னாலும் சொல்லிடு. இப்படி வெச்சுக் கொல்லாதே."

அக்கா ஓர் அடி முன்னால் வைத்தாள். எதுவோ அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. "இன்னைக்கு வேண்டாம்மா" என்றாள் அந்த அம்மாவிடம் மெதுவாக.

"இல்லைங்க. அவ வேற மாதிரி நினைச்சுட்டிருக்கா" என்றார்கள் அம்மா. பிறகு மகளிடம், "உன் க்ளினிக் திறந்த அன்னைக்கு அவர் வண்டு பொறுக்கப் போகல. கோப்பையெல்லாம் மறுநாள் பார்த்துக்கலாம்னுட்டார். புதுச் சட்டை போட்டுக்கிட்டு உன்கிட்டதான் கிளம்பினார். எனக்கு அன்னைக்குக் காய்ச்சல், அவரை மட்டும் அனுப்பினேன். வழி மறந்துபோயிடுச்சு. சாயங்காலம் யாரோ ஒரு பால்காரர் கொண்டுவந்து விட்டார். அன்னைக்குத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. நீ போன்ல கத்தினே. அவர் வாயைத் திறக்கல. என்னையும் சொல்ல விடல. 'அவ கோபப்பட்டுட்டுப் போகட்டும், பயப்பட வேண்டாம்'னார்."

மகளின் வாய் கோணியது. "என்னை மன்னிச்சாராம்மா?"

"மன்னிக்கணும்னா ஞாபகம் இருக்கணுமே பாப்பா. ஒரே வாரத்துல அந்தச் சண்டையே அவருக்கு மறந்துபோச்சு. ஏன் பாப்பா வரல, ஏன் பாப்பா வரலன்னு கேட்டுட்டே இருந்தார். அடுத்த ஞாயிறு வருவான்னு சொல்லுவேன். ஞாயிறு ஞாயிறு சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துடுவார். அன்னைக்கும் ஞாயிறுதான்." அம்மா மகளின் கையைப் பற்றிக்கொண்டார்கள். "'அவளுக்கு நம்ம வீடு மறந்துபோச்சோ என்னவோ, எங்கேயாவது வழி தெரியாம நிப்பா, நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்'னார். இருங்க, குளிச்சுட்டு வந்துடறேன், சேர்ந்து போவோம்னு சொல்லிட்டுத்தான் உள்ளே போனேன்."

நான் திரும்பி நின்றுகொண்டேன். இதுவரை சொல்லாத இதை அந்த அம்மா யாருக்காகப் பதினாலு மாதம் நெஞ்சுக்குள் வைத்திருந்தார்கள் என்று எனக்கும் புரிந்துவிட்டது. கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

முதுகுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்று ஊர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போதே கிளம்பப் போகிறவள்போல.

"வாசல்லேர்ந்து எந்தப் பக்கம் திரும்பினார்?"

"பார்க்கலையே பாப்பா" என்றார்கள் அம்மா. "நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தேன்."